எட்டாவது போல்ட்

“ஆயில் மாத்திடு. பிரேக்கைப் பாரு. இடது பக்க லைட் எரியல, அதையும் பாரு. அந்தச் சத்தத்தை மட்டும் தொடாதே அண்ணா.”

சொல்லிவிட்டுத் தங்கை சாவியை அண்ணன் கையில் வைத்தாள். நன்றாயிருக்கிறது கதை! பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்து, வலிக்கிற பல்லை மட்டும் தொடாதீங்க என்று யாராவது சொல்வார்களா?

அதுவும் யாரிடம் போய்ச் சொல்கிறாள் பாருங்கள். அந்தத் தெருவில் காதுக்காரன் என்றால்தான் அவனைத் தெரியும். வண்டி முனை திரும்பும்போதே எந்த வண்டி, என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடி நிற்பான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவன் கண்ணைத் திறந்து சொன்னது இதுவரை தப்பியதில்லை. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்கையின் பழைய பிக்கப் வண்டி அன்றைக்கு மூன்று கடை தள்ளி வரும்போதே அவனுக்குக் கேட்டுவிட்டது. டிக் டிக் டிக் டிக். மெல்லிசாக, விடாமல். ஆறு மாதமாக அந்த வண்டி அவன் பட்டறைப் பக்கம் வரவில்லை. வரச்சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. அந்த வண்டியின் சீட்டில் உட்கார்ந்தபடியேதான் தங்கை புருஷன் போய்ச் சேர்ந்தார்.

அது ஒரு மழை நாள், மத்தியானம். ரொட்டிகளைக் கடைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்பிய மாப்பிள்ளை, மழை வலுக்கவே ஓரமாக நிறுத்தியிருக்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து யாரோ தட்டிப் பார்த்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் முகம் வெளுக்காமல் நல்ல சிவப்பாக, தூங்குகிற மாதிரி இருந்தது. “நோகாமப் போயிட்டார், கொடுத்து வெச்சவர்” என்று நாலு பேர் சொன்னார்கள். இந்த நாலு பேர் எப்போதும் இப்படித்தான், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பறிகொடுத்தவள் மறு வாரமே ஸ்டியரிங்கைப் பிடித்து, விடிந்தும் விடியாமலும் ரொட்டி போடக் கிளம்பிவிட்டாள். வீட்டில் விட ஆளில்லாததால் ஏழு வயது மகளையும் பக்கத்துச் சீட்டில் போட்டுக்கொண்டு போனாள்.

“ஏம்மா தொடக்கூடாது? வால்வு டேப்பெட் லூசான சத்தமா இருக்கும். அரை மணி நேர வேலை” என்றான் காதுக்காரன்.

தங்கை திரும்பி மகளைப் பார்த்தாள். குட்டி வாசலில் கிடந்த பழைய டயருக்குள் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

“சொன்னா என்னைப் பைத்தியம்னு நினைப்ப.”

“நினைக்க என்ன இருக்கு, தெரிஞ்ச விஷயம்தானே” என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“அவர் வர்றார் அண்ணா.”

காதுக்காரன் துணியால் கையைத் துடைப்பதை நிறுத்தினான்.

“குளிருக்குக் கண்ணாடியை ஏத்திட்டுத்தான் ஓட்டுறேன். பாலம் தாண்டினதும் தலை லேசா கிறுகிறுன்னு வரும். பாப்பா தூங்கிடுவா. அப்ப அந்தச் சத்தம் மாறும். மூணு தட்டு, கொஞ்சம் நிறுத்தம், அப்புறம் மூணு தட்டு. திரும்பினா பாப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கார். சத்தியமாச் சொல்றேன். அதே நீலச் சட்டை.”

மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு. அது காதுக்காரனுக்கும் தெரிந்த கணக்குதான். மாப்பிள்ளை கையில் ஒரு வெள்ளி மோதிரம் இருந்தது. பட்டறைக்கு வந்தால் உள்ளே கிடக்கும் இரண்டு ஸ்டூல்களில் சுவரோரத்து ஸ்டூலில்தான் உட்காருவார். போல்ட் போட்டு வைத்திருக்கும் தகர டப்பாவை அந்த மோதிரத்தால் தட்டிக்கொண்டே இருப்பார். “கொஞ்சம் சும்மா இருங்க மாப்பிள்ளை, எஞ்சின் பேசறது கேக்கல” என்று இவன் சிடுசிடுப்பான். “உங்க காதுக்கு ஒரு பரீட்சை வைக்கிறேன் மச்சான்” என்று அவர் சிரிப்பார். அவர் போனபிறகு அந்த ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. இவன் ஒரு செத்த பேட்டரியைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டான்.

“துக்கத்துல அப்படித் தோணும்மா. சரியாத் தூங்குறியா நீ?”

“பாப்பாவுக்கும் தோணுமா? அவளும் பார்க்குறா.” தங்கை சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “அந்தச் சத்தம் போனா அவரும் போயிடுவார் அண்ணா. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். கெஞ்சிக் கேட்டுக்கறேன், விட்டுடு.”

போகத் திரும்பியவள் நின்றாள்.

“மறந்துட்டேன். நேத்து ஒண்ணு சொன்னார், எனக்குப் புரியல. ‘எட்டாவது பொய்’னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு, அவருக்குத் தெரியும்னார். என்னது அது?”

காதுக்காரன் கையிலிருந்த சாவி தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

“எட்டாவதா? எனக்கென்ன தெரியும்? நீ சாயங்காலம் வா” என்றான். குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

தெரியாமல் என்ன? அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனும் அவனைப் படைத்தவனும் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

பதினாலு மாதத்துக்கு முந்தைய கதை அது. எஞ்சினிலிருந்து வரும் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று உண்டு. அதற்கு மேனிஃபோல்டு என்று பெயர். எட்டு போல்ட்டுகள் அதை எஞ்சினோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும். மாப்பிள்ளை வண்டியில் அந்த மேனிஃபோல்டைக் கழற்றி, இடையில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை மாற்றி, காதுக்காரன் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். ஏழு போல்ட்டும் ஒழுங்காக ஏறிவிட்டன. எட்டாவது கடைசியில் இருப்பது, டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் முன்னால், கை நுழையாத மூலையில். துரு ஏறிக் கிடந்த பழைய போல்ட் அது. அதை இறுக்கும்போது பட்டென்று தலை முறிந்து கையோடு வந்துவிட்டது. உடம்பு ஓட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

முறையாகச் செய்வதென்றால் துளை போட்டு உள்ளிருக்கும் துண்டை எடுக்க வேண்டும். அரை நாள் வேலை. பட்டறையில் நாலு வண்டி காத்திருந்தன. மாப்பிள்ளை வேறு ஸ்டூலில் உட்கார்ந்து டிக் டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தார். “ஆச்சா மச்சான்? பேக்கரில காத்துக்கிட்டிருப்பாங்க.”

ஏழு தாங்கும் என்று நினைத்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வேறு மெக்கானிக் எவனாவது பானட்டைத் திறந்து பார்த்து, காதுக்காரன் வேலை இவ்வளவுதானா என்று சிரித்துவிடுவானோ என்று பயம் வந்தது. முறிந்த தலையைச் சூடு தாங்கும் பசை வைத்து அதே இடத்தில் ஒட்டிவிட்டான். பார்ப்பதற்கு எட்டும் எட்டாக இருந்தன. “முடிஞ்சது மாப்பிள்ளை” என்றான். பிறகு எடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று சத்தியமாக நினைத்திருந்தான். அந்தப் பிறகு வரவேயில்லை.

இப்போது அந்த வண்டி பட்டறைக்குள் நின்றது. இரண்டு மணி நேரம் அது ஆறட்டும் என்று விட்டான். வேறு வேலை எதிலும் கை ஓடவில்லை. டேப்பெட்டாக இருக்கட்டும், டேப்பெட்டாக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஜபித்துக்கொண்டே இருந்தான். ஆயிரம் எஞ்சின் சத்தம் போடும், ஆயிரத்துக்கும் அதுவா காரணம்?

ஆறிய எஞ்சினைக் கிளப்பினான். டிக் டிக் டிக் டிக் என்று பளிச்சென்று கேட்டது. ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினின் தலையில் ஊன்றிக் காதை வைத்தான். மேலே சத்தமில்லை. வால்வுகள் நல்ல பிள்ளைகளாக ஓடிக்கொண்டிருந்தன. நம்பாமல் அணைத்து, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு டேப்பெட்டுக்கும் இடைவெளி அளந்தான். ஒரு இழை பிசகவில்லை. திரும்ப மூடிக் கிளப்பி, நாலு சிலிண்டருக்கும் போகும் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். முதல் மூன்றுக்கும் சத்தம் மாறவில்லை. நாலாவதைப் பிடுங்கியதும் டிக் நின்றது. மாட்டியதும் வந்தது.

நாலாவது சிலிண்டர். எட்டாவது போல்ட் இருக்கும் மூலை. பாம்பின் கால் பாம்பறியும், தன் கைவேலை இருக்கும் இடம் அவனுக்குத் தெரியாதா?

கடைசியாக ஒரு ரப்பர் குழாயை எடுத்தான். ஒரு முனையைக் காதுக்குள் செருகி, மறுமுனையை மேனிஃபோல்டின் ஓரமாக நகர்த்தினான். புகை கசிந்தால் அந்த இடத்தில் காதில் காற்று அடிக்கும், தப்பவே தப்பாது. முதல் போல்ட்டில் ஒன்றுமில்லை. ஏழாவது வரை ஒன்றுமில்லை. எட்டாவதற்குக் கொண்டுபோனதும் செவிப்பறையில் சுடச்சுடக் காற்று அறைந்தது. டிக். டிக். டிக்.

நின்றது.

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாய் அதே இடத்தில்தான் இருந்தது. ஓடுகிற எஞ்சினில் கசியும் புகை மூச்சு வாங்குவதற்காக நிற்காது, அப்படி ஒரு வழக்கம் அதற்குக் கிடையாது. மறுபடி டிக் டிக் டிக். மறுபடி நிறுத்தம்.

குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் அடங்கியது. பட்டறையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

டிக் டிக் டிக்.

வெளியே நல்ல வெயில். எதிர்க்கடைக்காரர் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே காதுக்காரன் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான். சத்தம் எஞ்சினிலிருந்து வந்ததா, சுவரோரத்திலிருந்து வந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவன் காது முதன்முறையாக அவனைக் கைவிட்டது. சுவரோரம் திரும்பிப் பார்க்கவும் துணிவு வரவில்லை.

சிறிது நேரம் கழித்து விளக்கைப் பிடித்து அந்த மூலையைப் பார்த்தான். கேஸ்கட் தீய்ந்து, சுற்றிலும் கரி அப்பியிருந்தது. மேனிஃபோல்டு அந்த ஓரத்தில் வளைந்து பிரிந்து நின்றது. அதற்கு நேர் எதிரே, கேபின் சுவரில் கேபிள் நுழையும் ஓட்டை. அதை அடைத்திருந்த ரப்பர் இற்றுப்போய்ப் பாதிதான் இருந்தது. கசிந்த புகை நேராகக் கேபினுக்குள் போவதற்கு வழி போட்டு வைத்த மாதிரி இருந்தது. அந்தப் புகையில் இருக்கும் விஷக்காற்றுக்கு நிறம் கிடையாது, வாசமும் கிடையாது. முதலில் தலையைக் கிறுகிறுக்க வைக்கும், பிறகு தூக்கம், பிறகு இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். கண்ணாடி ஏற்றிய கேபினில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஆளே எழுந்திருக்க மாட்டான். முகம் மட்டும் சிவந்து தூங்குகிற மாதிரி இருக்கும்.

காதுக்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “ஐயோ, மாப்பிள்ளை” என்று வாய்விட்டு அழுதான். ஆறு மாதமாக மாரடைப்பின்மேல் போட்டு வைத்திருந்த பழி, சொந்தக்காரனைத் தேடி வந்து மடியில் ஏறிக்கொண்டது.

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். வேறு எதை யோசித்தாலும் இதை யோசிக்கத் தேவையில்லை. தங்கை கெஞ்சினாலும் சரி, சபித்தாலும் சரி, நாளைக் காலையில் அந்தக் கேபினில் அவளும் குட்டியும் உட்காரப்போகிறார்கள். முதலில் ஒட்டிய தலையைத் தொட்டான். தொட்டதும் பழம் மாதிரி உள்ளங்கையில் விழுந்தது. சுற்றிலும் இரும்பு கை வைக்க முடியாமல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தலை மட்டும் கிணற்றிலிருந்து எடுத்த கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சட்டையைத் தாண்டி அந்தக் குளிர் நெஞ்சில் ஏறியது.

இரும்பு ஆறியதும் மேனிஃபோல்டைக் கழற்றினான். முறிந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டு, ஒரு முழு மத்தியானம் அதனோடு மல்லுக்கட்டி உள்ளிருந்த துண்டை வெளியே எடுத்தான். மேனிஃபோல்டின் முகத்தை ராவிச் சமப்படுத்தி, புதுக் கேஸ்கட் வைத்து, எட்டு புதுப் போல்ட்டுகளை வரிசை தப்பாமல் இறுக்கினான். கேபின் ஓட்டையைப் புது ரப்பரால் அடைத்தான். அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை, ஒரு அரை நாள்தான் பிடித்தது. கிளப்பினால் எஞ்சின் வெண்ணெயாக ஓடியது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தான், ஒரு குமிழிகூட வரவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் நெஞ்சு அத்தோடு நிற்காமல் பேரம் வேறு பேசியது. சொல்லாமல் விட்டால் என்ன? டேப்பெட் என்று சொல்லிவிட்டால் போச்சு. வண்டி சரியாகிவிட்டது, இனி ஆபத்தில்லை. செத்தவர் திரும்பி வரப்போவதில்லை. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவன் தூக்கி வளர்த்த தங்கை அவள். அவனுக்கென்று இருப்பது அவளும் குட்டியும்தான். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் குட்டியோடு வந்தாள். குட்டி வாசல் டயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் கிளம்பியது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது.

“தொட்டுட்டியா?”

“இறங்கு, சொல்றேன்.”

“தொடாதேன்னு சொன்னேனே அண்ணா! ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டேன்!” ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்து அழுதாள். “எங்க அண்ணா அவர்? எங்க அனுப்பினே அவரை?”

“அது அவர் இல்லம்மா. புகை. மேனிஃபோல்டு கசிஞ்சு கேபினுக்குள்ள வந்திருக்கு. விஷக்காத்து. தலைவலி, தூக்கம், பாப்பா எந்நேரமும் கொட்டாவி விடறது, எல்லாம் அதுதான். இல்லாததெல்லாம் கண்ணுல காட்டும் அது. இன்னும் ரெண்டு வாரம் ஓட்டியிருந்தா...”

அவள் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“எட்டாவது பொய்னு புகையா வந்து சொல்லுச்சு?”

எனக்கென்ன தெரியும் என்ற காலையில் சொன்ன பொய் காதுக்காரனின் தொண்டை வரைக்கும் தயாராக வந்து நின்றது. நெஞ்சுப் பையில் அந்தக் குளிர் இன்னும் குறையவில்லை. பையில் கைவிட்டுப் போல்ட் தலையை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

“இதுதான் எட்டாவது. போன வருஷம் நான் முறிச்சது. எடுத்துச் சரி பண்ணாம, வெளிய தெரியாம ஒட்டி வெச்சேன். அவசரம். அதவிட, எம் பேரு கெட்டுடும்னு பயம். அதனாலதான் கசிஞ்சுது. அன்னைக்கு மழையில மாப்பிள்ளை... அது மாரடைப்பு இல்லம்மா. நான்தான்.”

அவள் அந்த இரும்புத் துண்டைப் பார்த்தாள். தொடவில்லை.

“எட்டும் இருக்குன்னு அவர்கிட்ட சொன்னியா?”

“முடிஞ்சதுன்னு சொன்னேன்.”

“உன் கை பட்டா வண்டிக்கு ஆயுசு கெட்டின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சார்.” அவள் குரலில் அழுகை இல்லை. “அன்னைக்கு ஒரு தடவை கொன்னே. இன்னைக்கு ரெண்டாவது தடவை.”

“என்ன வேணும்னாலும் சொல்லும்மா. பாப்பாவை அதுல உட்கார வெச்சு அனுப்ப என்னால முடியல.”

“அது ஒண்ணுக்காகத்தான் இப்பப் பேசாமப் போறேன். இனி எங்க வாசல்ல வந்து நிக்காதே.” கதவை இழுத்துச் சாத்தினாள். “பாப்பா, ஏறு.”

குட்டி டயரிலிருந்து எழுந்து ஓடிவந்து மறுபக்கம் ஏறிக்கொண்டது. வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் நகர்ந்து தெருவில் திரும்பியது. காதுக்காரன் வாசலில் நின்றான். குட்டி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியது. அன்றைக்கு முழுக்க வெளிக்காற்றில் சுற்றியதாலோ என்னவோ, முகம் தெளிந்து கண்ணில் தூக்கக்கலக்கம் துளியும் இல்லை.

“மாமா, அப்பா எங்ககூட வரலையாம்” என்றது.

தங்கை வண்டியை நிறுத்தினாள். அவள் பிடரி விறைத்ததை அவன் பார்த்தான்.

“இங்கயே இருக்காங்களாம். உட்கார எடம் இல்லாம நின்னுட்டே இருக்காங்க, பாவம்.” குட்டி அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், பட்டறையின் சுவரோரத்தைப் பார்த்துக் கையசைத்தது. “டாட்டாப்பா!”

தங்கை ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாளா, அவனுக்குப் பின்னால் பார்த்தாளா தெரியாது. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காதுக்காரன் உள்ளே வந்தான். எந்த வண்டியும் ஓடவில்லை. காற்றாடிகூட நின்றிருந்தது. போல்ட் டப்பா இருக்கும் பக்கத்திலிருந்து மூன்று தட்டு கேட்டது, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று.

இந்தத் தடவை அவன் காது தப்பவில்லை. ஸ்டூலின்மேல் இருந்த செத்த பேட்டரியைத் தூக்கிக் கீழே வைத்தான். தோளில் கிடந்த துணியால் ஸ்டூலை நன்றாகத் துடைத்தான்.

“உட்காருங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு, எதிர் ஸ்டூலில் தானும் உட்கார்ந்தான்.